தூளுப்புக்கு ஒரு மரியாதை

நம்மில் பலருடைய அடுக்களையில் இப்போது இரண்டு மூன்று வகை உப்பு இருக்கிறது. ஊறுகாய்க்கும் ரசத்துக்கும் கல்லுப்பு. நறுக்கிய பழத்தின் மேல் தூவ இளஞ்சிவப்பு இந்துப்பு. அவசரத்துக்குப் பாக்கெட் தூளுப்பு. முதல் இரண்டையும் பற்றிப் பேசும்போது குரலில் ரசனை இருக்கிறது. மூன்றாவதைப் பற்றிப் பேசும்போது ஏளனம் வந்துவிடுகிறது. "அது ஃபாக்டரி உப்பு", "வெறும் கரிப்பு, ருசி கிடையாது", இன்னும் ஒரு படி போனால் "அது விஷம்". நல்ல உப்பை ரசிக்கத் தெரிந்தவர்கள் இந்தச் சாதாரணத் தூளுப்பை மதிக்க வேண்டுமா? அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் பெண்களின் உழைப்பும் உடலும் இருக்கின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற நாடுகளில் இதே வழக்கு பீரை வைத்து நடக்கிறது. சிறு வடிசாலைகளில் பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய பீரைக் குடிப்பவர்கள், பெரிய ஆலைகளில் லட்சக்கணக்கில் வரும் லாகர் பீரைத் தண்ணீர் என்று கேலி செய்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் அதற்கு ஒரு பதில் சொல்வதுண்டு: வெளிர்நிற லாகரில் குற்றத்தை மறைக்க அழுத்தமான மணமோ கசப்போ கிடையாது, சிறு பிசகும் நாக்கில் தெரிந்துவிடும், எந்த ஊரில் எந்தப் புட்டியைத் திறந்தாலும் அதே சுவை வரவைப்பது எளிதல்ல. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வீட்டுப் பெண்கள் காய்ச்சிய பானம் அது. பெருந்தொழிலானபோது ஆண்களின் கைக்குப் போயிற்று. ஆனால் பீர் இல்லாமல் வாழலாம். உப்பு இல்லாமல் முடியாது. எனவே வழக்கை எங்கள் தூத்துக்குடிக்குக் கொண்டுவருகிறேன்.

இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. வேப்பலோடை, தருவைகுளம் தொடங்கி முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை அளங்கள். வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல் கடல்நீரைத் தேக்கிவிட்டால் உப்பு தானாக வந்துவிடாது. கடல்நீரோ ஆழ்குழாயில் இறைத்த உவர்நீரோ, பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் சுண்ட வேண்டும். அதன் அடர்த்தியைப் பாமே என்ற அளவையால் பார்க்கிறார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. சுண்டும் வழியில் ஜிப்சம் படிந்து விலக வேண்டும். 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு மணி பிடிக்கிறது. அதன் பிறகும் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கூடச் சேர்ந்து கசக்கும். அதனால் 29 டிகிரி வாக்கில் கசப்பு நீரை வெளியேற்ற வேண்டும். இடையில் ஒரு மழை போதும், எல்லாம் கரைந்துபோகும்.

இந்த வேலையில் தூளுப்பு, கல்லுப்பு என்ற பிரிவே கிடையாது. பாத்தியில் விளைவது ஒரே உப்புதான். கழுவி, உலர்த்தி, அரைத்து, அயோடின் சேர்த்தால் தூளுப்பு. சணல் பையில் போட்டு ஊரின் பெயரை அழகாக அச்சிட்டால் கைவினை உப்பு. என் வகுப்பில் படித்த, முள்ளக்காட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தியிடம் அவள் அம்மா எந்த உப்புக்கு வேலை செய்கிறார் என்று கேட்டபோது சொன்னாள்: "தலையில வைக்கும்போது எல்லாம் ஒரே கனந்தான் மேம்."

தூளுப்பின் மேல் சொல்லப்படும் முதல் குற்றம், அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது. நான் யோசிக்கிறேன்: ஒரே மாதிரி இருப்பது எப்போது குற்றமாயிற்று? அன்றாடம் சமைக்கும் பெண் உப்பை அளந்து போடுவதில்லை. கை அளவுதான். நேற்றுப் போட்ட அதே சிட்டிகை இன்றும் அதே அளவு கரிக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவள் காலை ஏழு மணிக்குள் மூன்று டப்பாக்களைக் கட்டி முடிக்கிறாள். அவள் வேலையும் அப்படிப்பட்டதுதான். முன்னூற்று அறுபத்தைந்து நாளும் இட்லி மெத்தென்று இருந்தால் யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாள் கல்லாகிப்போனால் வீடே பேசும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்யும் ஆணுக்குக் கிடைக்கும் புகழ், திங்கள் முதல் சனி வரை குழம்பு வைத்தவளுக்குக் கிடைப்பதில்லை. அபூர்வமானதைப் போற்றி, தினசரி பிசகாமல் நடப்பதைப் பொருட்படுத்தாத பழக்கம் நமக்கு நெடுங்காலமாக உண்டு. தூளுப்பின் மேலான ஏளனமும் அதே பழக்கத்திலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு, அதில் எதையோ கலக்கிறார்கள் என்பது. கலக்கத்தான் செய்கிறார்கள். கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருளின் பெயரில் 'சயனைடு' என்ற சொல் வருவதைப் பார்த்து மிரள்கிறோம். அனுமதிக்கப்பட்ட அளவில் அது தீங்கற்றது. இரும்போடு இறுகப் பிணைந்தது. முக்கியமாகக் கலப்பது அயோடினை. ஒரு மனிதருக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி அளவுகூடத் தேவைப்படாத பொருள். அது கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை வருகிறது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. கருவுற்றவளுக்குக் குறைந்தால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், பிறக்கும் குழந்தைக்கு மூளை வளர்ச்சிக் குறை. அப்படி ஒரு குழந்தை பிறந்தால் யாரைக் குற்றம் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். "வயித்துல இருக்கும்போது என்னத்தத் தின்னாளோ" என்றுதான் பேச்சு தொடங்கும்.

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி 1956இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இதற்கு உப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஏழை பணக்காரர், ஆண் பெண் என்று பாராமல் எல்லோர் இலையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும் பொருள் அது ஒன்றுதான் என்பது. பாலும் முட்டையும் வீட்டில் ஆண்பிள்ளைக்கு முதலில் போகும். உப்பு அப்படிப் போகாது.

கடலுப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று எங்கள் ஊரில் நம்புகிறார்கள். இல்லை; இருப்பது மிகச் சொற்பம். இளஞ்சிவப்பு உப்பிலும் அப்படித்தான். அதன் நிறம் இரும்பினால் வருவது. 2018–19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 61.9 சதவீதம். நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாநிலத்தின் கணக்கு இது.

மறுதரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அயோடின் சேர்க்காத உப்பை உண்ணுவதற்கு விற்கக்கூடாது என்ற தடை 2000இல் விலக்கப்பட்டு 2006இல் மீண்டும் வந்தது. சிறு உற்பத்தியாளர்கள் நசுங்கிப் பெரிய நிறுவனங்கள் கொழுக்கும் என்ற வாதம் அந்த விவாதத்தில் வலுவாக எழுந்தது. உப்பு வரியை எதிர்த்து 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியின் நாட்டில் அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நிறுவனத்தைக் கேள்வி கேட்பது வேறு, பொருளை இகழ்வது வேறு. தூளுப்பை மதிப்பதற்காக அதை விற்கும் முதலாளியை நான் வணங்க வேண்டியதில்லை.

அதிக விலை கொடுத்துக் கைவினை உப்பு வாங்கினால் உழைப்பவளுக்குப் போய்ச் சேராதா என்று தோழிகள் கேட்கிறார்கள். போய்ச் சேர்ந்தால் மகிழ்ச்சி. பிரான்சின் கெராந்த் அளங்களில் நீரின் மேல் படரும் மெல்லிய 'உப்புப் பூ'வைச் சேகரிப்பது வழக்கமாகப் பெண்களின் வேலையாக இருந்தது. இன்று உலகம் அதற்கு மிகுந்த விலை கொடுக்கிறது. ஆனால் பொருள் உயர்ந்தால் அதைச் செய்தவளும் உயர்வாள் என்பது தானாக நடப்பதில்லை. நம் சந்தையில் அழகான பையைப் பிரித்துப் பார்த்தால் அளத்தின் பெயர் இருக்கும். சுமந்தவளின் கூலி இருக்காது.

அவள் விடியுமுன் வேலைக்குப் போகிறாள். வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உவர்நீர் பாதத்தை வெடிக்கவைக்கிறது. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்து சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்கிறாள். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலையே இல்லை. ராஜம் கிருஷ்ணன் எங்கள் ஊர் அளத்துக்கு வந்து பார்த்து, 'கரிப்பு மணிகள்' நாவலை 1979இல் எழுதினார். அதைப் பாடமாக நடத்தும்போது மாணவிகள் அதைப் பழைய கதையாக வாசிப்பதில்லை.

சங்கப் பாடல்களில் உப்பு விற்கும் பெண் தெருவில் வந்து, நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று கூவுகிறாள். தன் பொருளின் மதிப்பை அவளே சொல்லியிருக்கிறாள். இன்று கடையில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் ஒன்று உப்பு. அந்த மலிவில் ஒரு பகுதி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற நியாயம். இன்னொரு பகுதி அளத்துப் பெண்ணின் கூலியில் பிடித்தது. முன்னதை மதித்தால்தான் பின்னதைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு வரும்.

ரசனை அவரவர் நாக்கு. என் வீட்டு மாங்காய்க்கும் கல்லுப்புதான் பிடிக்கிறது. மதிப்பது என்றால் தூளுப்பை நிறையத் தின்பதும் அல்ல. நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நான் கேட்பது இவ்வளவுதான்: ரேஷன் கடை வரிசையில் தூளுப்பு வாங்கும் பெண்ணை ருசி தெரியாதவளாக நினைக்காதீர்கள். கருவுற்ற தோழியிடம் அதை விஷம் என்று சொல்லாதீர்கள். கல்லுப்பு வாங்குவதானால் அயோடின் சேர்த்ததா என்று பையைத் திருப்பிப் பாருங்கள். எந்த உப்பை வாங்கினாலும், அதைச் சுமந்தவளுக்கு ஆணுக்குச் சமமான கூலியும் அளத்தில் ஒரு கழிப்பறையும் கிடைத்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள்.