மீசையில் மண் ஒட்டட்டும்!

குப்புற விழுந்த பிறகும் ‘மீசையில் மண் ஒட்டவில்லை’ என்பான் தோற்ற பயில்வான். கேட்டு ஊரே சிரிக்கும். தம்பி, தங்கையே! சிரிப்பதற்கு முன் நெஞ்சில் கை வைத்துச் சொல். அந்தப் பயில்வான் நமக்குள்ளும் இருக்கிறான்தானே? மதிப்பெண் குறைந்தால் கேள்வித்தாள் கஷ்டம். வேலை கிடைக்காவிட்டால் சிபாரிசு இல்லை. வியாபாரம் படுத்தால் நேரம் சரியில்லை. இப்படி மீசையைத் துடைத்துத் துடைத்தே பாதி ஆயுளைக் கழித்துவிடுகிறோம்!

மீசையில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல், அதையே பாடமாக்கிக்கொண்ட ஒரு மல்லனைச் சொல்கிறேன், கேள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்றொரு ஊர். அங்கே 1948-ல் பிறந்தவர் டான் கேபிள். அவருக்கு 15 வயதானபோது வீட்டிலேயே அவருடைய அக்கா கொலை செய்யப்பட்டாள். அந்த வீட்டில் இனி எப்படி வாழ்வது என்று பெற்றோர் உடைந்து நின்றார்கள். சிறுவன் கேபிளோ அக்காவின் அறைக்கே தன் படுக்கையை மாற்றிக்கொண்டான். துயரத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடக் கூடாது என்பது அவன் எடுத்த முடிவு. நொறுங்க இருந்த குடும்பத்தை அந்தப் பிள்ளை தாங்கிப் பிடித்தான்.

பள்ளியில் 64 போட்டிகள், அத்தனையிலும் வெற்றி. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து 117 வெற்றிகள். ஆக மொத்தம் 181. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: 1970-ஆம் ஆண்டு தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம், அவருடைய மாணவ வாழ்வின் கடைசி ஆட்டம். எதிரே லாரி ஓவிங்ஸ். ஆட்டம் முடியும் தறுவாயில் ஓவிங்ஸ் பிடியைப் போட்டுப் புள்ளிகளை அள்ளினார். 13-11. கேபிள் தோற்றார்!

181 வெற்றிகளைக் காட்டி அந்த ஒன்றை அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தத் தோல்வியைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். தன்னை வளர்த்தது அதுதான் என்றார். மறுபடி பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார். 1971-ல் உலகச் சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் அவரோடு மோதியவர்களில் ஒருவரால்கூட அவரிடமிருந்து ஒரு புள்ளியைப் பறிக்க முடியவில்லை. ஒரு புள்ளிகூட!

இதோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு வீரர், அவ்வளவுதான். ஆனால், 1976-ல் அயோவா பல்கலைக்கழக மல்யுத்த அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 21 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். தானே களத்தில் இறங்கி மாணவர்களோடு மல்லுக்கட்டினார். எதிராளிக்கு மூச்சு வாங்கும் கடைசி நிமிடங்களிலும் முன்னேறித் தாக்கும் உடல்வலுவை அவர்களுக்குள் ஏற்றினார். யோசித்துப் பார்! தான் எந்த நிமிடத்தில் வீழ்ந்தாரோ, அந்த நிமிடத்தை வெல்லத்தான் அவர் தன் மாணவர்களைப் பழக்கினார். தோல்வி கற்றுத் தந்த பாடத்தை ஒரு தலைமுறைக்கே சொத்தாக எழுதிவைத்தார்!

1978 முதல் 1986 வரை அவருடைய அணிக்குத் தொடர்ந்து 9 தேசியப் பட்டங்கள். பத்தாவதுக்காக ஊரே காத்திருந்தது. 1987-ல் அது கை நழுவியது. பறித்துக்கொண்டு போனது எந்த அணி தெரியுமா? அவர் படித்த அயோவா ஸ்டேட்! அதற்குப் பின்னும் 3 ஆண்டுகள் பட்டம் இல்லை. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல ஆயிரம் வாய்கள் இருந்திருக்கும். 1991-ல் பட்டம் திரும்பி வந்தது. அடுத்த 6 ஆண்டுகளில் இன்னும் 5 பட்டங்கள். மொத்தம் 15!

1997-ல் வந்தது அவருடைய கடைசிப் பருவம். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்றி அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். ஊன்றுகோலோடு வந்து நின்றார். இறுதிப் போட்டிகள் நடந்த சீடர் ஃபால்ஸ், அவர் பிறந்த வாட்டர்லூவுக்குப் பக்கத்து ஊர். அங்கே அவருடைய அணி எடுத்தது 170 புள்ளிகள். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் தொடாத உயரம் அது.

தம்பி, தங்கையே! இப்போது உன்னிடம் வருகிறேன். உன்னை வீழ்த்திய அந்த நாளை மறக்கப் பார்க்காதே. ஒரு தாளை எடு. எந்த இடத்தில் சறுக்கினாய் என்று எழுது. அடுத்தவர் பெயர் ஒன்றுகூட அதில் வரக் கூடாது. உன் பிழையை மட்டும் எழுது. கணக்கில் சறுக்கினாயா? நாளைக் காலை முதல் வேலை கணக்கு. நேர்காணலில் நாக்குக் குழறியதா? இன்று முதல் தினமும் கண்ணாடி முன் நின்று பேசு. எது பலவீனமோ அதை முதலில் தொடு! நீ தேறிய பிறகு, அதே இடத்தில் தடுமாறும் இன்னொருவருக்குக் கை கொடு. கேபிள் 21 ஆண்டுகள் செய்தது அதைத்தான்.

தோற்றதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. தோல்வியை ஒளித்து வைப்பதுதான் வெட்கம். மீசையில் மண் ஒட்டியிருக்கிறதா? ஒட்டட்டும். அந்த மண்ணோடு, இன்று மாலையே களத்தில் இறங்கு!