வீதிக்கும் உண்டு ஹக்கு

தெருவில் நடப்பவனுக்கு இடம் விடுவது தருமமா, அவனுக்குச் சேர வேண்டிய கடனா? தருமமாயின் மனமுள்ளவன் கொடுப்பான், மற்றவன் கொடாதிருப்பான். கடனாயின் கொடுத்தே தீர வேண்டும். சென்னை நடைபாதைகளைப் பற்றிய வழக்கு முழுவதும் இந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

வழியில் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். வீதியோரத்தில் அமராமல் இருக்க இயலவில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, அமர்வதாயின் வீதிக்குரிய ஹக்கைக் கொடுத்துவிட்டு அமருமாறு பணித்தார்கள். பிறருக்குத் தீங்கு செய்யாமை அந்த ஹக்கில் அடங்கும். அமர்ந்தவர் விரட்டப்படவில்லை, நடப்பவரின் உரிமையும் கைவிடப்படவில்லை.

பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், 1985ஆம் ஆண்டு, நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இவ்விரண்டையும் சேர்த்தே எடை போட்டது. பிழைக்கும் வழி உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றது. நடைபாதை பொதுமக்களின் வசதிக்கே அன்றித் தனியார் பயனுக்கு அன்று என்றும் கூறிற்று.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை வகுத்தது. 2019 நவம்பரில் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023இல் மாம்பலம் இரயில் நிலையத்தையும் தி.நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் வந்தது. இரண்டும் நன்மையே; ஆயினும் ஒன்றல்ல. நடைபாலம் நடப்பவனைத் தரையிலிருந்து உயரத் தூக்கிவிட்டுத் தரையை வாகனங்களுக்கே விடுகிறது. பாண்டி பஜாரோ வாகனங்களின் இடத்தைச் சுருக்கித் தரையையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது. கடனைத் தீர்த்தல் என்பது இதுவே.

எனினும் நம் கோபம் யார்மீது பாய்கிறது என்பதை ஆராய வேண்டும். மயிலை மாட வீதிகளில் கூடையுடன் அமரும் கீரைக்காரி சாக்கு ஒன்றின் அளவு இடத்தையே கொள்கிறாள். நிறுத்தி வைத்த கார் ஒன்றுக்குச் சுமார் 12 சதுர மீட்டர் வேண்டும். நாள் முழுதும் அது அசையாது நின்றாலும் அதை ஆக்கிரமிப்பென்று எவரும் சொல்வதில்லை. அடையாற்றுக் குடியிருப்புத் தெருக்களில், வீட்டுக்குள் கார் ஏறுவதற்காக வாசலில் கட்டிய சாய்தளம் நடைபாதையைத் துண்டிக்கும்போது, அதுவும் உரியவர் கண்ணுக்குக் குற்றமாகப் படுவதில்லை. எளியவரின் கூடையைக் குற்றமென்றும், வசதியுள்ளவரின் வாகனத்தை வழக்கமென்றும் கொள்வது நீதியாகாது. தெரு வணிகருக்கு இடம் வகுத்துக் கொடுக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதன்படி அவருக்கும் ஓர் எல்லை வகுத்து, காருக்கும் ஓர் எல்லை வகுப்பதே முறை.

நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்றும் இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை கூறுகிறது. இவை வெறும் எண்களல்ல. சக்கர நாற்காலியில் வருபவரும் எதிரே வருபவரும் ஒருவரையொருவர் கடப்பதற்கும், முழங்கால் வலியுள்ள மூதாட்டி துணையின்றி ஏறுவதற்கும் வகுத்த அளவுகள் அவை.

மாநகராட்சி செய்ய வேண்டியது ஒரு பங்கு. நம் வாசலில் நாம் செய்ய வேண்டியது மற்றொரு பங்கு. வாகனத்தை நடைபாதையில் ஏற்றி நிறுத்துமுன், அவ்வழியே வரும் பார்வையற்றவர் அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்க நேரும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக. அவருக்குரியதைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.