குழந்தையும் குடும்பமும் உண்ணும் ஒரே பானை

கைக்குழந்தை உள்ள வீட்டில், பல்லில்லாத வாயும் காரம் கேட்கும் நாக்கும் ஒரே அடுப்பை நம்பியிருக்கின்றன. அங்கே ஏறும் பானை யாருக்கு ஏற்றபடி வேக வேண்டும் என்பது ஓர் அறக் கேள்வி. உணவைப் பற்றிப் பேசும் பழைய நூல்கள் பலவும் இதை ஏதோ ஒரு பக்கத்திலிருந்து தொடுகின்றன.

குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் அன்னப்பிராசனச் சடங்கை ஆறாம் மாதத்தில் செய்யச் சொல்கிறது மனுஸ்மிருதி. கிருஹ்ய சூத்திரங்களும் அப்படியே சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் பாலோடு பிற உணவும் என்கிறது. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து அந்த வயதில் குறையத் தொடங்குகிறது. தலையும் நிற்கத் தொடங்கியிருக்கும். அந்த முதற்கவளத்தைச் சடங்காக்கியதற்குக் காரணம் உண்டு. உண்ட அன்னத்தின் நுண்ணிய பகுதியே மனமாகிறது என்கிறது சாந்தோக்கிய உபநிடதம். அப்படியானால் சோறூட்டுபவர் உடலோடு ஒரு மனத்தையும் வளர்க்கிறார்.

தமிழ் இலக்கியத்தின் இரண்டு பாடல்களில் குழந்தைக்குத் தனிப்பாத்திரம் இல்லை. சிறுகை அளைந்த கூழைப் பற்றித் திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும், நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பியின் 188ஆம் புறநானூற்றுப் பாடலும் பேசுகின்றன. இரண்டிலும் பெரியவர்களின் உணவுக்குள்தான் குழந்தை கைவிடுகிறது. கலந்துண்பதே உறவு என்னும் நம்பிக்கை அதில் இருக்கிறது. அது சரியான நம்பிக்கையும்கூட.

ஆனால் ஒரே உணவு என்பதால் எல்லாருக்கும் ஒரே பக்குவம் பொருந்திவிடாது. ஒரு வயதுக்குள் குழந்தையின் சிறுநீரகம் உப்பின் சுமையைத் தாங்கும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. அந்த வயதுவரை தேனும் ஆகாது. மார்கழிக் குளிரில் வைக்கும் பரங்கிக்காய்க் கூட்டை எடுத்துக்கொள்ளலாம். பாசிப்பருப்பு, பரங்கிக்காய், கேரட், கொஞ்சம் சீரகம் எல்லாம் ஒன்றாகக் குழைய வேகின்றன. உப்பும் மிளகும் விழுவதற்கு முன்பே குழந்தையின் பங்கை எடுத்து, மசித்து, சோற்றோடும் சொட்டு நெய்யோடும் பிசைந்து, சூடு ஆறியதைக் கையில் பார்த்து ஊட்டுகிறார்கள். மீதிக்கு உப்பும் மிளகுப்பொடியும் சேர்த்து, இஞ்சி தட்டிப்போட்டுத் தாளித்தால் அது பெரியவர்களுக்கான கூட்டு. பரங்கிக்காய் குளிர்ச்சி, மிளகும் இஞ்சியும் சூடு என்பது தமிழ் வீடுகளின் கணக்கு. அந்தச் சூடு பெரியவர்களின் பங்கில் மட்டும் சேர்கிறது.

இந்த வரிசையைத் திருப்பிப்போட முடியாது என்பதுதான் இதில் முக்கியம். வேண்டிய உப்பைப் பிறகு சேர்க்கலாம். போட்ட உப்பை எடுக்க வழியில்லை. வலியவரை அளவாக வைத்துச் சமைத்தால் எளியவருக்குப் பானையில் இடமே இல்லாமல் போகும். எளியவரிடமிருந்து தொடங்கினால் யாரும் எதையும் இழப்பதில்லை. மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், விருந்தினரை அத்தனை உயர்த்திப் பேசிவிட்டு, புதுமணப்பெண், சிறுமியர், நோயாளி, கருவுற்றவள் ஆகியோருக்கு விருந்தினருக்கும் முன்பே தயங்காமல் உணவிடச் சொல்வது இந்த வரிசையைத்தான்.

தனக்காக மட்டும் சமைப்பவர் பாவத்தையே உண்கிறார் என்று பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் கண்டிக்கிறது. சமைப்பவர் தம்மையே மறந்துவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு. எல்லாரும் உண்டபின் கணவனும் மனைவியும் உண்ணவேண்டும் என்பதே மனுவின் விதி. நடைமுறையில் கணவன் முதற்பந்திக்குப் போய்விட, மனைவி மட்டும் கடைசியில் நின்றாள். பாலூட்டும் தாய்க்கு இது இழைக்கப்படும் அநீதி. குழந்தைக்குச் சோறு பழகிய பிறகும் இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் தொடர வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. அவளுடைய தட்டு குழந்தையின் உணவுக்கு ஊற்று. கருவுற்றவளை விருந்துக்கு முன் வைத்த அதே நியாயப்படி, குழந்தையின் பங்கை எடுத்த கையோடு தாய்க்கும் பரிமாறவேண்டும். விருந்தினரும் வீட்டாரும் அதன் பின்னர் உண்ணலாம்.