சீட்டில் விழுந்த படம்

பழவேற்காடு ஏரியில் ஓடும் படகிலிருந்து, ஷட்டரைக் கால் நொடி திறந்துவைத்து எடுக்கும் படங்கள் எனக்குப் பழக்கமாகிவிட்டன. ஏரி ஆழமில்லாதது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூடக் கிடையாது. அதனால் வானத்தின் நிறமும் அடிச்சேற்றின் நிறமும் ஒரே பரப்பில் கலந்து கிடக்கும். கால் நொடியில் வலை கட்டிய கழிகள் கருங்கோடுகளாக இழுபடும். பூநாரைக் கூட்டம் வெளிறிய சிவப்புத் தீற்றலாகிவிடும். எஞ்சின் எப்படி உதறும், காற்று எந்தப் பக்கம் தள்ளும், படகுக்காரர் எப்போது திருப்புவார் என்பதெல்லாம் என் கையில் இல்லை. பார்ப்பவர்கள் “ஓவியம் மாதிரி இருக்கே, எப்படி எடுத்தீங்க?” என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதில் நான் எடுத்தது எவ்வளவு?

இந்தக் கேள்வி பழையது. ஸ்வீடன் நாடகாசிரியர் ஆகஸ்ட் ஸ்ட்ரின்ட்பெர்க் 1890களில் கேமராவும் லென்ஸும் இல்லாமல், ஒளிப்படத் தகடுகளை இரவு வானத்தின் கீழே அப்படியே வைத்தார். நட்சத்திரங்கள் தம்மைத் தாமே வரைந்துகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. தகடுகளில் நிறையப் புள்ளிகள் விழுந்தன, பார்க்க விண்மீன் கூட்டம் போலவே. அவை தூசியும் ரசாயனக் கறையுமாக இருக்க வேண்டும் என்பது பின்னால் வந்தவர்களின் முடிவு. கலையில் தற்செயலின் பங்கைப் பற்றி 1894இல் அவர் ஒரு கட்டுரையும் எழுதினார். எனக்கு அந்தத் தகடுகள் பிடிக்கும். வானம் ஏமாற்றியிருந்தாலும் படம் ஏமாற்றவில்லை.

ஒளிப்படக்காரர் எர்ன்ஸ்ட் ஹாஸ் இதற்கு நேர் எதிர். 1950களில் ஸ்பெயினின் காளைச் சண்டையை வண்ணத்தில், மெதுவான ஷட்டரில் எடுத்தார். காளையும் துணியும் மனிதனும் ஒன்றில் ஒன்று கரைந்த அந்தப் படங்களை ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்டது. கலங்கிய படம் என்று கழித்துவிடக்கூடியதை அவர் தன் பாணியாக்கிக்கொண்டார். அன்று அது துணிச்சல். இன்று நாங்கள் எல்லோரும் அதைச் செய்கிறோம். சிலர் கை ஆடிய படத்துக்குப் பின்னாலேயே ஒரு தத்துவமும் எழுதிவிடுகிறார்கள்.

இந்த வித்தை இந்தக் கரைக்குப் புதிதல்ல. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் கப்பலேறி உலகமெல்லாம் போனது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெட்ராஸ் துணி 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், சலவையில் சாயம் ஓடி, வாங்கியவர்கள் கொதித்தார்களாம். உடனே சாயம் ஓடுவதையே அதன் பெருமையாக விளம்பரப்படுத்தி விற்றுவிட்டார்கள் என்று ஜவுளிக்காரர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு சலவையிலும் சட்டைக்குப் புது நிறம்! விற்பனையாளரின் சாமர்த்தியம் எனக்குப் புரிகிறது. ஆனால் விழுந்தபின் பெயர் சூட்டுவது ஒன்று, விழுவதற்கு முன்பே அதற்கு உட்படுவது வேறு. இரண்டாவதை நான் பார்த்தது ஏரிக்கரைக் குப்பங்களில்தான்.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துப் பக்கம், கடல்நீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில், இறால் அதிகம் படும். தள்ளியிருக்கும் இடங்களில் வலையைக் கட்டிவிட்டுக் கொசுவை ஓட்டிக்கொண்டிருக்கலாம். முந்தியவனுக்கு, வலுத்தவனுக்கு நல்ல இடம் என்று விட்டால் ஊர் வெட்டிக்கொண்டு சாகும். அதனால்தான் பாடு. எந்த இடம், எந்த முறை, யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. கோட்டைக்குப்பம் போன்ற, பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் ஊர்களில் தலைமுறைகளாக நடந்துவந்த ஏற்பாடு இது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலைக்கும் இப்படிச் சீட்டு உண்டு.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று. இங்கே தற்செயல் வானத்திலிருந்து வரவில்லை. உட்கார்ந்து பேசி, மனிதர்களே அதை வரவழைத்திருக்கிறார்கள். நல்ல இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததால்தான் சீட்டு. தெரிந்தவனின் ஆசையைக் கட்டிப்போட அதைவிட மலிவான கயிறு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒளிப்படக்காரனின் கண்ணும் அந்த வலுத்தவனைப் போன்றதுதான். நல்ல இடம் அதற்குத் தெரியும். மாலை வெயில், தனிப் படகு, பறக்கும் பறவை என்று தினமும் அங்கேயே போய் வலையைக் கட்டும். இன்னொரு படத்தில் பார்த்ததையே மறுபடி எடுத்துவரும். கால் நொடி ஷட்டர் அந்தக் கண்ணை, அது தானாகப் போகாத இடத்துக்கு அனுப்புகிறது. ஆகவே என் படங்களில் என் பங்கு எவ்வளவு என்று கேட்டால், என் ரசனையை விலக்கிவைக்க ஒப்புக்கொண்டது மட்டுமே என்னுடையது என்பேன். அது சின்னப் பங்கு. ஆனால் பொய்யில்லாத பங்கு.

முழுக்கப் பொய்யில்லை என்றும் சொல்வதற்கில்லை. நூறு எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழிக்கிறவன் சீட்டுக்கு உட்பட்டவனா? அந்த ஒன்றைப் பொறுக்கும்போது பழைய கண் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறதே. பாட்டில் மோசமான இடம் விழுந்த மீனவர் அன்றைய நாளை அழித்துவிட முடியாது. வெறும் வலையோடு வந்தாலும் டீசல் செலவு செலவுதான். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிப்போனால் யாருக்கு எந்தச் சீட்டு விழுந்தும் பயனில்லை. அதிர்ஷ்டத்தோடு விளையாடுவதற்கு, தோற்றாலும் இரவுச் சாப்பாடு உறுதியாக இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது.

இப்படிப்பட்ட படமொன்றைப் படகுக்காரரிடம் காட்டினேன். அரூபம், உணர்வு என்று ஏதோ சொல்லவந்தேன். அவர் சாவதானமாகப் பார்த்துவிட்டு, “கலங்கத் தண்ணி சார், வாடைக் காத்து. இந்தக் கழிங்கள்லாம் இப்போ பிடுங்கியாச்சு” என்றார். எனக்கு ஓவியமாக இருந்தது அவருக்கு ஒரு நாளின் கணக்கு. அவர் பார்வையில் அதில் தற்செயல் என்று எதுவுமே இருக்கவில்லை.

பாட்டின் நியாயத்துக்கும் ஒரு வேலி உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால், நான் அதை அழகாக்கிக் காட்டியதாக ஆகிவிடும். சீட்டு எல்லோருக்கும் பொது, ஆனால் பெயர் கொடுக்க உரிமை எல்லோருக்கும் இல்லை. அது சாதியோடும் ஊரோடும் கட்டப்பட்டது. அந்த உரிமை கேட்டு எழுந்த சண்டைகளும் ஏரியின் வரலாற்றில் உண்டு. இருளர் பெண்கள் வலையில்லாமல், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். எந்தக் குலுக்கலிலும் அவர்கள் பெயர் இல்லை.

அவர்களை நான் கால் நொடியில் எடுப்பதில்லை. கழியையும் பறவையையும் என்னையும் தற்செயலிடம் ஒப்படைப்பது என் இஷ்டம். இன்னொருவர் முகத்தைத் தீற்றலாக்கிச் சுவரில் மாட்ட எனக்கு யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை. கேட்டுவிட்டு, ஐந்நூறில் ஒரு பங்கு நொடியில், கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிய எடுக்கிறேன். சாதாரணப் படங்கள்தான். அவர்கள் பிரிண்ட் போட்டுத் தரச்சொல்லிக் கேட்பதும் அவற்றைத்தான்.