போர்வையும் கடனும்

வடபுலத்திற் குடியேறிய தமிழர் எவரும் தமது முதற் குளிர்காலத்தை எளிதில் மறப்பதில்லை. ஊரில் ஒரு பருத்தி வேட்டியே போர்வையாகப் போதுமாயிருந்த நமக்கு, ரஜாய் என்பது இங்கு வந்தபின் கற்ற சொல். அண்டை வீட்டு அம்மையார் தம் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வையொன்றைத் தந்திருப்பின், கடையில் வாங்கியதினும் அது மிகுந்த வெம்மை தந்ததாக உணர்ந்திருப்போம். அந்த மிகுதி எங்கிருந்து வந்தது? இச்சிறு வினா ஒரு பெரிய அறவினாவிற்கு நம்மை இட்டுச் செல்கிறது. போரிற் காயமுற்று மீள்பவனுக்குச் சமுதாயம் பட்டுள்ள கடன் யாது? அதனைப் போர்வை தீர்க்குமா?

அமெரிக்க நாட்டில் இவ்வினாவிற்குச் செயல்வழி விடை காண முயன்றனர். டெலாவர் மாநிலத்துக் கேதரின் ராபர்ட்ஸ் என்னும் அம்மையாரின் மகன் 2003-இல் ஈராக் போர்க்களத்தில் இருந்தார். நள்ளிரவில் ஓர் இளைஞன் கட்டிலின் விளிம்பிற் குனிந்தமர்ந்து துயருறுவதாகவும், பின்னர் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு தேறியிருப்பதாகவும் அத்தாய் கனவு கண்டார். அக்கனவே ‘குவில்ட்ஸ் ஆஃப் வேலர்’ என்னும் அமைப்பாயிற்று; ‘வீரப் போர்வைகள்’ என நாம் சொல்லலாம். அவ்வாண்டு நவம்பரில், வாஷிங்டன் நகரின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், காலிழந்த இளம் வீரர் ஒருவருக்கு முதற் போர்வை வழங்கப்பட்டது. இதுகாறும் வழங்கப்பட்டவை மூன்று லட்சத்திற்கும் மேல். ஒருவர் துண்டுத் துணிகளை இணைத்து மேற்பரப்பைத் தைக்கிறார்; நடுவே பஞ்சு விரிப்பும் அடியில் மற்றொரு துணியும் வைத்து, மூன்றையும் ஊடுதையலால் பிணைக்கிறார் பிறிதொருவர். தைத்தோர் பெயர் பின்புறத்திற் குறிக்கப்படுகிறது.

இது புதிய வழக்கமுமன்று. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடபகுதி மகளிர் சுகாதார ஆணையத்தின் வாயிலாக மருத்துவமனைகளுக்குப் போர்வைகளைத் தைத்தனுப்பினர். அப்போர்வைகளின் அமைப்பைப் பின்பற்றி, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மாண்டோரின் குடும்பங்களுக்குப் போர்வை தைத்தளித்தோரும் உண்டு.

ஆயினும் ஐயம் எழாமலில்லை. போன காலைப் போர்வை தருமா? கொடுத்தவர் மனம் அமைதியுற்று, ‘நம் கடமை முடிந்தது’ எனத் திரும்பிச் சென்றுவிடின், அது ஆறுதலா, மறதிக்கு இட்ட திரையா? இவ்வையம் வெறுங் கற்பனையன்று. முதற் போர்வை வழங்கப்பட்ட அதே மருத்துவமனையைச் சார்ந்த விடுதியில், சுவரிற் பூசணம் படிந்த அறைகளில் காயமுற்றோர் தங்க நேர்ந்ததையும், அலுவலகப் படிவங்களுக்காக அவர்கள் அலைக்கழிக்கப்பட்டதையும் 2007 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளேடு வெளிக்கொணர்ந்தது. தரைப்படைத் துறையின் செயலாளரே பதவி விலக வேண்டியதாயிற்று. போர்வைகள் குவிந்த நாட்டிலும் நீதி குறைந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின் போர்வை வீணோ? அன்று. நெடுநல்வாடை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. வாடையும் தூறலும் விடாத நள்ளிரவில், பாண்டிய மன்னன் பாசறையில் உறங்காது, புண்பட்ட வீரரைத் தேடிச் சென்று காண்கிறான். அவன் பார்வை எப்புண்ணையும் ஆற்றவில்லை. எனினும், ‘அனுப்பியவன் மறக்கவில்லை’ என்பதை அவ்வீரன் அறிகிறான். அவ்வறிவே மருந்தின் ஒரு பகுதி.

முடியாட்சியில் அனுப்பியவன் அரசன். குடியாட்சியிலோ அனுப்புவோர் நாமே. போரை ஆதரித்து வாக்களித்தவரும், எதிர்த்து வாக்களித்தவரும் அம்முடிவின் பங்காளிகளே. ஆதலின் அந்த நள்ளிரவு நடை இப்போது ஒவ்வொரு குடிமகனின் கடனாகிறது. நேரிற் செல்ல இயலாதவர் அனுப்பும் நடையே அப்போர்வை. பொருள் கொடுப்பவன் தன்னிடம் எஞ்சியதைக் கொடுக்கிறான். தைப்பவரோ திரும்பப் பெறவியலாத தம் நாட்களைக் கொடுக்கிறார். வாழ்நாளில் ஒரு பகுதியை இழந்தவனுக்கு வாழ்நாளில் ஒரு பகுதியையே தருவது, ஈடாகாவிடினும், இனம் ஒத்த கொடை. அண்டை வீட்டுப் போர்வையில் நாம் உணர்ந்த மிகுதியான வெம்மையும் இதுவே.

ஆனால் பாசறையைச் சுற்றி வந்த மன்னன், மருத்துவர்க்கும் உணவிற்கும் வழி செய்யாதிருந்தால் அந்நடை வெறும் காட்சியாகவே முடிந்திருக்கும். போர்வை கடனைத் தீர்க்கும் பணமன்று; கடன் இன்னும் தீரவில்லை என ஒப்புக்கொடுக்கும் கைச்சாத்து. கைச்சாத்திட்டவர் ஓய்வூதியத்திற்கும் சிகிச்சைக்கும் குரல் கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

1962-இல் சீனப் படையெடுப்பின்போது நம் நாட்டு மகளிரும் ஜவான்களுக்காகக் கம்பளிச் சட்டைகள் பின்னினர். போர் ஒரு திங்களில் ஓய்ந்தது. புண்பட்டவனின் வலியும், இரவில் அவன் அலறி எழும்போது அருகிருந்து தேற்றும் மனைவியின் உறக்கமின்மையும் ஒரு திங்களில் ஓய்வனவல்ல. நம் தெருவிலும் அத்தகைய வீடு ஒன்று இருக்கக்கூடும். குளிர்காலம் வருமுன் அவ்வீட்டுக் கதவை நாம் தட்டியதுண்டா?