ஈயச் சுவரோடு பறக்க முடியுமா?

பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் எரிக்காமல் அணு உலையின் சூட்டிலேயே பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கான ஆராய்ச்சியை 1946இல் அமெரிக்கா தொடங்கியது. சோவியத் யூனியன் வரை போய்த் திரும்புவது அன்றைய விமானங்களுக்குப் பெரும்பாடு. யுரேனியம் கைகொடுத்தால் நாள்கணக்கில் தரையிறங்காமல் வானிலேயே காத்திருக்கலாம்.

ஜெட் என்ஜின் காற்றை இழுத்து, அழுத்தி, சூடாக்கி, பின்பக்கம் சீறவிடுகிறது. அந்தச் சூட்டை எது தந்தாலும் என்ஜின் ஓடும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் காற்றை நேரே உலைக்குள் செலுத்தியது. அமைப்பு எளிது, ஆனால் எரிபொருளின் உறை விரிசல் விட்டால் கதிரியக்கம் வெளிக்காற்றில் கலந்துவிடும். பிராட் அண்ட் விட்னி நிறுவனம் உலையின் சூட்டைத் திரவத்தின் வழியே என்ஜினுக்குக் கொண்டுபோகப் பார்த்தது. அதில் குழாய், பம்பு என்று எடை ஏறும்.

சூடு கிடைத்தது. 1954இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உருகிய உப்பில் யுரேனியத்தைக் கலந்து ஓட்டிய சிறு உலை 800 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1956இல் ஐடஹோவில், தரையில் நிறுத்திய ஜெட் என்ஜின் அணுச்சூட்டிலேயே ஓடியது.

உள்ளே உட்காரும் மனிதரை உலையின் கதிர்வீச்சிலிருந்து எப்படிக் காப்பது என்பதுதான் தீராத சிக்கல். காமா கதிரைத் தடுக்க ஈயம் போன்ற கனமான பொருள் வேண்டும். நியூட்ரானைத் தடுக்க ஹைட்ரஜன் நிறைந்த ரப்பரோ தண்ணீரோ வேண்டும். தரையில் என்றால் கான்கிரீட்டைத் தடிமனாகப் போட்டுவிடலாம். விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆகவே குடையை வெயிலடிக்கும் பக்கம் சாய்ப்பதுபோல, விமானிகள் இருக்கும் திசையில் தடுப்பை வலுவாக வைத்து மற்றப் பக்கங்களில் குறைத்தார்கள். அப்படியும் பக்கவாட்டில் போகும் கதிர் காற்றில் மோதிச் சிதறித் திரும்பும். அதனால் விமானிகளின் அறைக்கும் தனிக் கவசம் தேவைப்பட்டது.

இதைச் சோதிக்க, பி-36 ரக விமானம் ஒன்றை மாற்றி 1955 முதல் 1957 வரை 47 முறை பறக்கவிட்டார்கள். ஈயமும் ரப்பரும் சுற்றிய விமானிகள் அறையின் எடை மட்டும் 10 டன்னுக்கு மேல். விமானத்துக்குள் 1 மெகாவாட் உலை இருந்தது. ஆனால் விமானத்தை இயக்கியவை வழக்கமான என்ஜின்களே. சோவியத்தும் டியூ-95 விமானத்தில் உலையை ஏற்றி 1961இல் இப்படித்தான் சோதித்தது.

அதற்குள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்துவிட்டது. வானிலேயே எரிபொருள் நிரப்பவும் முடிந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளையும் 100 கோடி டாலரையும் விழுங்கிய திட்டத்தை 1961 மார்ச்சில் அதிபர் கென்னடி நிறுத்தினார். அது சரியான முடிவு. கவசம் கைகூடியிருந்தாலும், விமானம் என்றாவது விழும். உலையோடு விழுந்தால் அந்த ஊர் என்ன ஆகும்? உருகிய உப்பு உலை ஆராய்ச்சி மட்டும் மின்சாரத்துக்காக ஓக் ரிட்ஜில் தொடர்ந்தது. அதன் இடம் தரைதான்.