சிறுநீரை அடக்கி வைப்பது வெட்கமல்ல (ஜும்ஆ பயான், ஓமலூர்)

 

 

சில நாட்களுக்கு முன் ஒரு தகப்பனார் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். அவருடைய மகள் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். காலையில் ஓமலூரில் பஸ் ஏறினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு. கடையில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஆண் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தக் கூச்சத்தில் அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். ஒரே வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு. மூன்றாவது முறை குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்லி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

அந்தத் தகப்பனார் என்னிடம் கேட்டது துஆ மட்டும்தான். துஆ செய்தேன். ஆனால் வீட்டுக்குப் போனபின் என் மனம் என்னைக் குத்தியது. சிறுநீரைப் பற்றி இந்த மிம்பரில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆடையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்பிள்ளை அதை அடக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறாளே என்று ஒரு முறையும் பேசியதில்லை. இன்று பேசுகிறேன்.

நாம் பாதி கேட்ட பாடம்

சிறுநீர் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு கப்ருகளின் ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் இரண்டு கப்ருகளைக் கடந்து சென்றபோது, அவற்றில் இருப்பவர்கள் வேதனை செய்யப்படுவதாகச் சொன்னார்கள். ஒருவர் கோள் சொல்லித் திரிந்தவர். மற்றவர் சிறுநீரிலிருந்து தம்மைப் பாதுகாத்துக்கொள்ளாதவர். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

இதிலிருந்து நாம் சுத்தத்தை எடுத்துக்கொண்டோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இதே சிறுநீர் விஷயத்தில் நபியவர்கள் கற்றுத் தந்த இன்னொரு பாடம் இருக்கிறது.

ஒரு கிராமவாசி மஸ்ஜிதுன் நபவிக்குள் வந்து ஒரு மூலையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டார். ஸஹாபாக்கள் பதறி எழுந்தார்கள், அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? அவரை விட்டுவிடுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள் என்ற கருத்தில் தோழர்களைத் தடுத்தார்கள். அவர் முடித்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் சொன்னார்கள். பிறகு அவரை அழைத்து, பள்ளிவாசல் எதற்கு உரிய இடம் என்று மென்மையாக எடுத்துச் சொன்னார்கள்.

ஏன் நிறுத்த வேண்டாம் என்றார்கள்? இமாம் நவவி (ரஹ்) போன்ற உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள்: பாதியில் நிறுத்தினால் அவருடைய உடலுக்குத் தீங்கு ஏற்படும். பயந்து ஓடினால் அவருடைய ஆடையும் பள்ளியின் மற்ற இடங்களும் அசுத்தமாகும்.

யோசித்துப் பாருங்கள். அசுத்தமாவது அல்லாஹ்வின் பள்ளி. பள்ளியைக் கழுவிக்கொள்ளலாம், ஒரு மனிதனின் உடலுக்குக் கேடு வரக்கூடாது என்பது நம் நபியின் வழி. இன்று ஒரு வியாபாரி, தன் கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கக்கூடாது என்பதற்காக வேலைக்காரப் பெண்ணைப் பாத்ரூம் போகவிடாமல் நிறுத்துகிறார் என்றால், அவர் எந்த வழியில் இருக்கிறார்?

தொழுகைக்கும் முந்தியது

மல ஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஃபுகஹாக்கள் அதை மக்ரூஹ் என்கிறார்கள்.

அப்துல்லாஹ் இப்னு அர்கம் (ரலி) என்ற ஸஹாபி தம் கூட்டத்தாருக்கு இமாமாக இருந்தவர். ஒரு நாள் இகாமத் சொல்லப்பட்டுவிட்டது. அவர் இன்னொருவரின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு, தேவையை முடிக்கப் போனார். தொழுகை தயாராக இருக்கும்போது தேவை ஏற்பட்டால் தேவையை முதலில் முடிக்கும்படி நபியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று காரணமும் சொன்னார். திர்மிதீ, அபூதாவூத் முதலிய நூல்களில் இது வருகிறது.

இமாமே இகாமத்துக்குப் பிறகு போகலாம். அல்லாஹ்வின் முன்னால் நிற்பதற்கே அவகாசம் உண்டு. கல்லாப்பெட்டியின் முன்னால் நிற்பதற்கு, தறியின் முன்னால் நிற்பதற்கு, வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கு அவகாசம் இல்லையா?

பெண்களுக்கு வஹீ தந்த அனுமதி

சகோதரிகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். மதீனாவில் ஆரம்ப காலத்தில் வீடுகளில் கழிப்பிடம் கிடையாது. பெண்கள் இரவில் வெளியே போய் வருவார்கள். ஹிஜாப் சட்டம் இறங்கிய பிறகு அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் அப்படி வெளியே போனபோது, உமர் (ரலி) அவர்கள் அடையாளம் கண்டுகொண்டு பேசிவிட்டார்கள். அன்னையவர்கள் வருத்தத்துடன் வீடு திரும்பி நபியவர்களிடம் முறையிட்டார்கள். நபியவர்கள் அப்போது இரவு உணவு உண்டுகொண்டிருந்தார்கள், கையில் எலும்புத்துண்டு. அந்த நிலையிலேயே வஹீ வந்தது. உங்கள் தேவைக்காக நீங்கள் வெளியே போக உங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று அறிவித்தார்கள். (புகாரி)

ஒரு பெண்ணின் இந்தத் தேவைக்காக வானத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அதை நாம் சாதாரண விஷயம் என்று ஒதுக்கலாமா?

உடலில் என்ன நடக்கிறது?

அன்பானவர்களே! யூரின் இன்ஃபெக்‌ஷன் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி நோயைத் தடுத்துவிடலாம். நம் குடலில் இ.கோலை என்ற பாக்டீரியா இருக்கிறது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அது சிறுநீர்ப் பாதைக்குள் போய்விட்டால்தான் தொற்று. பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்கு இதுவே காரணம்.

ஆண்களுக்குச் சிறுநீர்க்குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். மலவாய்க்கும் மிக அருகில் இருக்கிறது. அதனால் கிருமி எளிதாக ஏறிவிடுகிறது. பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறது. இது யாருடைய நடத்தையைப் பற்றியும் சொல்லும் நோய் அல்ல. அல்லாஹ் படைத்த அமைப்பு அப்படி. ஆகவே இதை வைத்து எந்தப் பெண்ணையும் சந்தேகிக்காதீர்கள்.

அந்தக் கிருமியை வெளியேற்ற அல்லாஹ் வைத்த ஏற்பாடுதான் சிறுநீர். ஒவ்வொரு முறை போகும்போதும் அது பாதையைக் கழுவிவிடுகிறது. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிவைத்தால் பைக்குள் கிருமி பெருக நேரம் கிடைத்துவிடுகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி இந்தத் தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப்பேர் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று வந்தது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மருந்தல்ல, வெறும் தண்ணீர்!

நாம் செய்ய வேண்டியவை: தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். சித்திரை வெயிலில் பட்டறையிலும் தறியிலும் நிற்பவர்கள் இன்னும் அதிகமாகக் குடியுங்கள். ரமளானில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் பரவலாகக் குடியுங்கள். சிறுநீரகம், இதய நோய்க்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவில் நில்லுங்கள். இஸ்தின்ஜா செய்யும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பெண் குழந்தைகளுக்கும் சிறு வயதிலேயே இப்படிப் பழக்குங்கள். தாம்பத்தியத்திற்குப் பின் பெண்கள் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. ஆண்கள் அவசரப்பட்டு எழாமல், சொட்டு நிற்கும்வரை இருந்து முழுமையாகக் கழியுங்கள். கப்ரு ஹதீஸ் சொல்லும் பேணுதலும் அதுதான்; பையில் சிறுநீர் தேங்காமல் இருக்க டாக்டர் சொல்வதும் அதுதான்.

பேணுதல் என்ற பெயரில் வஸ்வாஸ் வேண்டாம். சில சகோதரிகள் சோப்பும் கிருமிநாசினியும் ஊற்றி உள்ளே வரை கழுவுகிறார்கள். அது அங்கே காவலாக இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து நோயை வரவழைக்கும். வெளியே தண்ணீரால் கழுவினால் போதும்.

சூடு என்று விட்டுவிடாதீர்கள்

நம் பக்கத்தில் நீர்க்கடுப்பு வந்தால் "உடம்பு சூடு" என்று சொல்லி விடுவோம். தொப்புளில் எண்ணெய் வைப்போம், இளநீர், மோர், வெந்தயம் கொடுப்போம். தண்ணீர் குறைந்ததால் வந்த லேசான எரிச்சல் என்றால் நீராகாரத்தில் சரியாகலாம். ஆனால் எரிச்சலோடு அடிக்கடி அவசரமாக வருவது, அடிவயிற்றில் வலி, கலங்கலாகப் போவது இருந்தால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கர்ப்பிணிகள் ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தொற்று ஏறும், குறைமாதப் பிரசவமும் ஆகலாம். சிலருக்கு எரிச்சலே தெரியாது. அதனால்தான் கர்ப்ப காலத்தில் சிறுநீரைப் பரிசோதிக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அடிக்கடி வரும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கி, சிறுநீர் தேங்கித் தொற்று வரலாம். வீட்டிலுள்ள பெரியவர்கள் திடீரென்று குழப்பமாகப் பேசினால் இதையும் ஒரு காரணமாக டாக்டர் பார்ப்பார்.

மெடிக்கலில் போய் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் நின்றதும் விட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை ஆன்டிபயாடிக் சாப்பிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபியவர்கள் ஏவியிருக்கிறார்கள். செலவுக்குப் பயப்படுபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பெரிய சிகிச்சைக்குச் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது. 104-க்குப் போன் செய்தால் ஆலோசனை கிடைக்கும்.

சொட்டு நிற்காத பெரியவர்கள் சிலர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. தொடர்ந்து சொட்டுபவர் ஷரீஅத்தில் உஸ்ரு உடையவர். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு முறை ஒளுச் செய்துகொண்டால் அந்த நேரம் முடியும்வரை தொழலாம். இடையில் சொட்டினாலும் அந்தக் காரணத்தால் ஒளு முறியாது. தொழுகையை விடாதீர்கள், டாக்டரையும் பாருங்கள். உங்கள் நிலைக்கான விவரத்தை ஆலிம்களிடம் தனியாகக் கேளுங்கள்.

வெட்கம் தடுக்கக் கூடாது

ஆண்கள் தண்ணீரால் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. அதற்காகச் சொல்லாமல் விடவில்லை. உங்கள் கணவன்மார்களிடம் நீங்கள் சொல்லுங்கள் என்று பெண்களிடம் சொல்லி அனுப்பினார்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டியவர்களும் அவர்களே. தாய்மார்களே, உங்கள் பெண்பிள்ளைகளிடம் கேளுங்கள்: "ஸ்கூல்ல பாத்ரூம் போறியாம்மா? தண்ணி பாட்டில் ஏன் நிறைஞ்சபடியே திரும்பி வருது?"

பொறுப்பாளிகள் யார்?

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு இதே கஷ்டம் இருந்தது. கழிவறை இல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள், நோய்ப்பட்டார்கள். விஜி என்ற தையல்காரப் பெண்மணி அவர்களை ஒன்றுசேர்த்து "பெண்கூட்டு" என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிவறை. பிறகு உட்காரும் உரிமை. 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் நம் தமிழ்நாடும் கடைகளில் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் செய்தது. தொழிற்சாலைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது.

சட்டம் வரும்வரை முஃமின் காத்திருக்க வேண்டுமா? நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளி, உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்பது நாம் அறிந்த நபிமொழிதான். கடை வைத்திருக்கும் சகோதரர்களே! பட்டறை, தறி நடத்துபவர்களே! உங்களிடம் வேலை செய்யும் பெண் முஸ்லிமோ மாற்று மதச் சகோதரியோ, கேட்காமலே போய்வர ஒரு சுத்தமான கழிவறை, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர் இருக்கட்டும். சாவி அந்தப் பெண்களிடமே இருக்கட்டும்.

நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிவாசல்களில் ஹவுளுக்கும் குழாய்க்கும் குறையில்லை. ஆனால் சேலம், தருமபுரி சாலையில் குடும்பத்தோடு பயணம் வருபவர் தொழ இறங்கினால், அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் பல இடங்களில் கழிவறை இல்லை. நிக்காஹ் மஹால்களில் நூறு பெண்களுக்கு ஒன்று. அதிலும் தண்ணீர் வராது. அடுத்த முறை பள்ளிக்கு டைல்ஸ் போட வசூல் செய்வதற்கு முன், பெண்களுக்கு ஒரு கழிவறை கட்ட வசூல் செய்வோம். முதல் தொகையை நான் தருகிறேன் என்று இந்த மிம்பரிலிருந்தே சொல்கிறேன்.

அந்தப் பெண் இப்போது நலமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். வேறு கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வேலையில் சேரும் முன் அவளுடைய தகப்பனார் போய்ச் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களை நீ தந்த அமானிதமாகப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! எங்கள் பெண்மக்களையும் பெரியவர்களையும் நோயிலிருந்து காப்பாயாக! எங்கள் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எங்களால் கஷ்டம் வராமல் பாதுகாப்பாயாக! நோயுற்றிருப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.